கார் வந்தாச்சு, ஆர்.சி. புக் எங்கே?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, பழைய நாற்காலி என்று எதை வேண்டுமானாலும் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். பில் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். பழைய கார் அப்படியல்ல. காசைக் கொடுத்து, சாவியை வாங்கி, வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் ஏற்றியாகிவிட்டாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் பழைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். அதுவும் வெளிமாநில வண்டி என்றால் தொல்லை இரட்டிப்பு!

என் ஓரகத்தி இப்போது இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் மாமனார் அவளோடு இருக்கிறார். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஆட்டோவில் ஏற்றி இறக்கி அவர் துவண்டு போவதைப் பார்க்கச் சகிக்காமல், வளையல்களை அடகு வைத்து, பெங்களூரில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் மூன்று லட்சத்துக்கு வண்டி வாங்கினாள். "பேப்பரெல்லாம் பத்தே நாள்ல கூரியர்ல வந்துடும் மேடம்" என்றாராம். ஐந்து மாதமாயிற்று. இப்போது போனையே எடுப்பதில்லை. "பெங்களூருக்குப் போய் கேஸ் நடத்த முடியுமாக்கா? தலையெழுத்துன்னு விட வேண்டியதுதான்" என்கிறாள்.

ஏன் விட வேண்டும்?

முதலில், வர வேண்டிய காகிதங்கள் எவை என்று பார்ப்போம். ஆர்.சி.யோடு, அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும். என்.ஓ.சி. என்கிறோமே, அதுதான். 28ஆம் நம்பர் பாரத்தில் பழைய சொந்தக்காரர் இதற்கு மனுப்போட வேண்டும். 30 நாளைக்குள் ஆபீஸ் பதில் சொல்லாவிட்டால், சான்று கொடுத்ததாகவே அர்த்தம் என்று 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 பாரங்களில் கையெழுத்து வேண்டும். கார் பாங்குக் கடனில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கு 35ஆம் பாரம். இவை வந்தால்தான் தாம்பரத்திலோ மீனம்பாக்கத்திலோ டி.என். நம்பர் வாங்க முடியும். வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. வரி வேறு தனியாகக் கட்ட வேண்டும்.

ஓரகத்தி வீட்டுக் காரில் முடிச்சு எங்கே தெரியுமா? கடனில்தான். வியாபாரி கடனைக் கட்டி முடிக்கிறேன் என்று பழைய சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறார். கட்டவில்லை! எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் கடன் இருப்பது தெரிந்துவிடும். என் மகன்தான் பார்த்துச் சொன்னான்.

ஆகவே வியாபாரியை மட்டும் துரத்தாமல், ஆர்.சி. நகலில் பெயர் உள்ளவருக்கும் எழுதச் சொன்னேன். காரணம் இருக்கிறது. நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்தக் கார் விற்கப்பட்டுப் பல கை மாறியிருந்தும், ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் இருந்தவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்றாகிவிட்டது. நாளைக்கு இந்தக் கார் யார் மேலாவது மோதினால் பெங்களூர்க்காரர் தலையில்தான் விடியும். இதை எடுத்துச் சொன்னால் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார். நமக்கும் நஷ்டம்தான், இன்ஷூரன்ஸ் நம் பெயரில் மாறாதவரை, காருக்கு அடிபட்டால் பணம் கேட்பது கஷ்டம்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். பதினைந்து நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பெங்களூருக்கு ஓட வேண்டியதே இல்லை! 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குச் செங்கல்பட்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். காகிதத்தைக் கொடு, இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடு, அலைக்கழித்ததற்கு நஷ்ட ஈடும் கொடு என்று கேட்கலாம். உத்தரவை மீறினால் ஜெயில் தண்டனைகூட உண்டு. புகாருக்கு முன் 1915 என்ற நம்பரில் யோசனை கேட்கலாம்.

ஒன்று கவனியுங்கள். இது வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கு. தன் சொந்தக் காரை விற்ற தனி மனிதர் ஏமாற்றினால் சிவில் கோர்ட்தான், மூன்று வருஷத்துக்குள்.

போலீஸ்? ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் மோசடிப் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் வருகிறது. குற்றம் வெளியூரில் நடந்தது என்று சொல்லி நம் ஊர் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக் கூடாது. பதிந்து அந்த ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டும். ஆனால் பணத்தை வசூலித்துத் தருவது போலீஸ் வேலையல்ல. அதனால் நான் ஆணையத்தைத்தான் நம்புவேன்.

கோபத்தில் அவள் அந்த ஆளின் வாட்ஸப் செய்திகளை அழிக்கப் போனாள். நல்லவேளை, பையன் தடுத்துவிட்டான். "பத்து நாள்ல வந்துடும்" என்ற அந்த ஒரு வரியும், பாங்குப் புத்தகத்தில் பணம் போன வரியும்தான் இனி அவளுக்குச் சாட்சி. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கினாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடச் சட்டப்படி. போன் நம்பர் 15100. திங்கட்கிழமை கூப்பிடப் போகிறாள்.