கடற்கரையூரில் காரின் ஆயுள்

எந்தக் கம்பெனியின் கார் நெடுநாள் உழைக்கும் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் எளிதன்று. புதுச்சேரியில் கேட்டால் ஒரு விடை. திருவண்ணாமலையில் கேட்டால் வேறொரு விடை. வண்டி ஒன்றேயாயினும் காற்று வேறு.

கடற்கரைச் சாலையை அடுத்த வீடுகளில் சன்னற் கம்பிகளைத் துரு அரிப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். காற்றோடு வரும் உப்பே காரணம். அது ஈரத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் கரைந்து, இரும்பின் மீது நுண்ணிய மின்னோட்டத்திற்கு வழி செய்யும். துரு விரைந்து படரும். காரின் அடித்தகட்டுக்கும் இதே கதிதான்.

முற்காலக் கார்களில் கனத்த இரும்புச் சட்டத்தின் மேல் கூடு தனியே பொருத்தப்பட்டிருந்தது. 1934-இல் வெளிவந்த சித்ரோயனின் 'திராக்சியோன் அவான்' அச்சட்டத்தை நீக்கி, தகட்டுக் கூட்டையே வண்டியின் எலும்பாக்கியது. எடை குறைந்தது, ஆனால் இவ்வமைப்பில் தரைத்தகடு துருப்பிடித்தால் எலும்பே இற்றுப்போகும். அம்பாசிடரும் பியட்டும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தனிச் சட்டம் உண்டு. மேற்கூட்டின் பகுதிகளை மறைகழற்றி மாற்றலாம். எனினும் அச்சட்டமும் இரும்புதானே!

உப்பை வென்ற வண்டிக்கும் உதிரிப் பாகம் வேண்டும். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபோது, இந்திய அரசு கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, உள்நாட்டு உற்பத்தியை ஊக்கி வந்தது. பிரெஞ்சுக் கார் எவ்வளவு நேர்த்தியானதாயினும், அதன் பாகங்கள் கடலுக்கு அப்பால் அல்லவா இருந்தன! மாறாக, மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடர், வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை, பெரிய உருமாற்றமின்றி உற்பத்தியாயிற்று. பழுதாகாத வண்டி என்று அதனை நான் புகழமாட்டேன். எந்த ஊரிலும் பழுதுபார்க்க முடிந்த வண்டி என்பேன். 2017-இல் அம்பாசிடர் என்னும் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பியூஜோ கம்பெனி என்பது ஒரு வேடிக்கை.

துருவுக்கு எதிரான உண்மையான முன்னேற்றம் துத்தநாகப் பூச்சு. நம் வீட்டு வாளிக்கு இடும் அதே பூச்சுதான். துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஜெர்மானிய ஆடி கம்பெனி 1980-களில் கார்க்கூடு முழுவதற்கும் இதனை இட்டது. ஆகவே புது வண்டி வாங்குவோர் கம்பெனியின் பெயரைக் கேட்பதோடு, எந்தெந்தத் தகட்டுக்கு இப்பூச்சு உண்டு என்றும் கேட்க வேண்டும்.

கடன் வாங்கி, பழைய வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணுவோர்க்கு இச்செய்தி இன்னும் முக்கியம். யந்திரத்தைப் புதுப்பிக்கலாம், இற்றுப்போன கூட்டைச் சீராக்கும் செலவோ வண்டியின் விலையையே விஞ்சக்கூடும். எனவே யந்திரத்தின் ஓசையைக் கேட்குமுன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பிலுள்ள நீர்வடி துளைகள் அடைபட்டுள்ளனவா என்று நோக்குங்கள். புதுச் சாயம் கொப்புளித்திருக்கும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். வாங்கிய பின் வாரம் ஒருமுறை நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவி, வெயிலில் உலரவிடுங்கள். ஈர வண்டியைத் துணியுறையிட்டு மூடாதீர்கள்.