பிந்திய மணம்

சென்ற மாதம் அச்சுவேலியில் ஒரு திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 64. மனைவியை இழந்து நெடுநாளாகத் தனியே சமைத்துண்டவர். மணமகள் 55 வயதுவரை தமையன் வீட்டு அடுக்களையே கதியென இருந்தவர். மறுநாள் வகுப்பில் மாணவனொருவன், "சேர், கிழவர் கலியாணத்துக்கு இங்கிலீசிலே சொல் உண்டோ?" என்று வினவினான். வகுப்பே நகைத்தது.

உண்டு. 'ஒப்சிகமி' என்பது அது. கிரேக்கத்தில் 'ஒப்சே' என்றால் பிந்தி. 'கமொஸ்' என்றால் மணம். 'மொனொகமி', 'பைகமி' என்பவற்றின் ஈற்றில் நிற்பதும் இந்தக் கமொஸே. காலங்கடந்து கற்கப் புகுபவனை 'ஒப்சிமாத்' என்பர். இதைச் சொன்னபோது பின்வாங்கில் சிலர் தலைகுனிந்தனர்!

ஆங்கிலத்தில் இது அருகி வழங்கும் சொல். பழைய ஸ்பார்த்தாவிலோ குற்றமொன்றின் பெயர். மணம் செய்யாதிருத்தல், பிந்தி மணத்தல், தகாத மணம் செய்தல் ஆகிய மூன்றுக்கும் அங்கே தண்டனை இருந்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். தளபதி லைசாண்டர் கி.மு. 395இல் போரில் மாண்டபின் அவன் வறியவன் என்பது வெளிப்பட, அவன் புதல்வியரை மணக்கவிருந்தோர் பின்வாங்கினர். அவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. பொருள் நோக்கிப் பெண் தேடுவதும் தகாத மணமாகவே கருதப்பட்டதாம். சீதனம் பேசும் நம் யாழ்ப்பாணத்தில் இச்சட்டம் இருந்திருப்பின் அரசின் கருவூலம் நிரம்பி வழிந்திருக்கும்.

நம் முன்னோரும் இதனை எண்ணாமல் விடவில்லை. அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் அச்சேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரத்தில், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையின் வகைகளுள் ஒன்று 'இளமை தீர்திறம்'. அதற்கு உரைகண்ட இளம்பூரணர் மூவகை கூறுவார்: ஆண் முதியனாகிப் பெண் இளையளாதல், பெண் முதியளாகி ஆண் இளையனாதல், இருவரும் இளமை நீங்கியவராதல். ஆயினும், மூன்றாவதில் முதுமையை மட்டும் அவர் பழிக்கவில்லை. அறத்தின்மேற் செல்லவேண்டிய மனம் காமத்தின்மேற் செல்லுதலையே குறிக்கிறார். நோயிலும் தனிமையிலும் ஒருவருக்கொருவர் துணையாதல் அறத்தின்பாற் படாதோ? மனைவி உயிரோடிருப்பவருக்கு அறுபதாங் கலியாணம் என்று ஊரழைத்து மாலை சூட்டுகிறோம். தனித்துப்போனவர் மாலை சூடினால் மட்டும் சிரிப்பு வருகிறது.

மணியடித்தபின் அம்மாணவன் தனியே வந்தான். நகைப்பு முகத்தில் இல்லை.

"சேர், அவர் என்ரை அம்மப்பா. அம்மா கலியாணத்துக்குப் போகேல்லை. நான் அவவை எப்பிடிக் கூப்பிடுறது?"

"அம்மம்மா என்றே கூப்பிடு" என்றேன்.