சுவர் தரையைத் தொடுகிறதா?

வீடு வாங்க முற்படுவோர் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றை வரிவரியாகப் படிக்கிறார்கள். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். சமையலறை அக்கினி மூலையில்தான் இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா என்பனவற்றையெல்லாம் தீர விசாரித்துத் திருப்தியுற்ற பின்னரே முன்பணம் கொடுக்கிறார்கள். பூமி ஒரு நிமிஷ நேரம் பக்கவாட்டில் அசையுமாயின் இந்தக் கட்டிடத்தை விழாமல் நிறுத்திவைக்கப் போவது எது என்று கேட்டவரைக் காண்பதோ அரிதாயிருக்கிறது.

அந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினக் காலையில், குஜராத் மாநிலம் அறிந்துகொண்டது. காலை 8.46 மணிக்குக் கட்ச் பிரதேசத்தில், பூஜ் நகரத்துக்கு அருகே பூகம்பம் தோன்றிற்று. அவ்விடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டிடங்கள் சரிந்து, எழுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விழுந்தவற்றில் மிகப் பல, கீழ்த்தளத்தை வாகனங்களுக்கென்று வெறும் தூண்களாக விட்டு, மேலே செங்கல் சுவர்களாலான வீடுகளை ஏற்றிவைத்தவை. மேல்மாடிகள் ஒரு கனத்த பெட்டியைப் போல் இறுகி நிற்க, அசைவு முழுவதையும் கீழேயிருந்த மெல்லிய தூண்களே ஏற்கவேண்டியதாயிற்று.

அகமதாபாத் அப்போதைய நில அதிர்வு வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தைச் சேர்ந்திருந்த நகரம். மறு ஆண்டு, 2002-இல், ஐ.எஸ். 1893 என்னும் இந்தியத் தரநிர்ணயம் திருத்தப்பட்டபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்திலிருந்த சென்னையும் அதே மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. இதனால் நாளையே சென்னையில் பூகம்பம் வந்துவிடும் என்று பீதியடைய வேண்டியதில்லை. ஆயினும் 1900-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரும், 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடற்பகுதியும் அதிர்ந்தன என்பதையும், சென்னையின் தெருக்களில் எத்தனை வீடுகள் இவ்வாறு வெறும் தூண்களாலான 'ஸ்டில்ட் பார்க்கிங்' மீது நிற்கின்றன என்பதையும் சேர்த்து நினைப்பவர்க்கு அலட்சியமாயிருக்க மனம் வராது.

பரிகாரம் யாது? பொறியாளர்கள் 'ஷியர் வால்' என்று வழங்கும் சுவரே பிரதானமான பரிகாரம். தச்சர் செய்த புத்தக அலமாரியை, அதன் முதுகில் பலகை அடிப்பதற்கு முன்பு, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தவர்க்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை. தட்டுகளும் நிமிர்கால்களும் எவ்வளவு கனமாயிருப்பினும், தள்ளிய திசையில் சட்டம் கோணலாகச் சாயும். மெல்லிய பிளைவுட் தகடொன்றை முதுகில் வைத்து ஓரங்களில் நெருக்கமாக ஆணியடித்துவிட்டாலோ, அதே அலமாரி அசைய மறுக்கும். மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தைத் தூண்கள் தாங்கும். பக்கவாட்டில் வரும் விசையைத் தன் நீளத்தினாலே எதிர்த்து, அதை அஸ்திவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தச் சுவரின் தொழில். நடுவழியில் நின்றுவிட்ட சுவர் அந்தத் தொழிலைச் செய்யாது.

மர வீடுகளில் ஷியர் வால் என்பது அலமாரியின் முதுகுப் பலகையே. மரச்சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்து, ஓர ஆணிகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, சுவரின் இரு முனைகளையும் இரும்புப் பிடிமானங்களால் அஸ்திவாரத்தோடு பிணைக்கிறார்கள்; ஏனெனில் உச்சியில் தள்ளப்படும் சுவர் ஒரு முனையில் அழுந்தி மறு முனையில் மேலே எழும்ப முயலும். கலிஃபோர்னியாவில் 1994 ஜனவரி 17-ஆம் தேதி விடியலில் நேர்ந்த நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில், கீழே வாகன நிறுத்தமிருந்த மூன்றடுக்கு மரக்கட்டிடம் ஒன்று அமிழ்ந்து 16 பேர் இறந்தனர். இருபது ஆண்டு தாமதித்தேனும், 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை, இத்தகைய பழைய மரக்கட்டிடங்களை உடைமையாளர்கள் கட்டாயமாகப் பலப்படுத்தவேண்டும் என்று சட்டம் செய்தது. எஃகுக் கட்டிடங்களில் தூண்களுக்கிடையே எஃகுத் தகட்டையோ குறுக்குச் சட்டங்களையோ பொருத்துகிறார்கள். மெல்லிய தகடு அதிர்வில் மூலைவாட்டில் மடிப்பு விழுந்து நெளிந்தாலும், இழுபட்டு நிற்கும் துணியைப்போல் பாரத்தை விடாமல் ஏந்திக்கொள்ளும்.

நமக்கு நெருங்கிய சம்பந்தமுடையது கான்கிரீட் சுவர். சிலி தேசத்தில் உயர்ந்த கட்டிடங்களை ஏராளமான கான்கிரீட் சுவர்களோடு எழுப்புவது நெடுநாள் வழக்கமாதலால், 2010-இல் 8.8 அளவுள்ள பேரதிர்வு வந்தபோதும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை நின்றன. ஆனால் கான்செப்சியோன் நகரில் பதினைந்து அடுக்குக் கட்டிடம் ஒன்று அடியோடு சாய்ந்தது. வேறு சிலவற்றில் சுவர்களின் ஓரங்கள் நொறுங்கி உள்ளிருந்த கம்பிகள் வளைந்தன. சுவரை மெலிதாக்கி, அதன் ஓரக் கம்பிகளைப் போதிய ரிங்குகளால் கட்டாமல் விட்டதன் பலன் அது. சுவர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் இந்த நுட்பங்களை வகுப்பது ஐ.எஸ். 13920 என்னும் தரநிர்ணயம். ஷியர் வால் 150 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுடையதாயிருக்க வேண்டும். ரிங்கின் முனைக்கொக்கி செங்கோணத்தில் நில்லாமல் 135 பாகைக்கு உள்நோக்கி மடிக்கப்படவேண்டும். இன்றேல் கம்பியை மூடிய மேல் கான்கிரீட் உதிர்ந்த கணமே ரிங் வாய் திறந்துவிடும். திறந்த கீழ்த்தளத்தைக் கான்கிரீட் சுவர்களால் பலப்படுத்துவதாயின், அவற்றின் குறுக்குப்பரப்பு ஒவ்வொரு திசையிலும் தளப்பரப்பில் 2 சதவீதமேனும் இருக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 கூறுகிறது. 2,000 சதுர அடித் தளத்துக்கு 40 சதுர அடி, அதாவது எட்டு அங்குலச் சுவர் நீளவாக்கில் 60 அடி, குறுக்குவாக்கில் 60 அடி. வாசகர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் இறங்கி ஒருமுறை அளந்து பார்ப்பாராக. அச்சுவர்கள் ஒரு மூலையில் குவியாமல் பரவியும் இருக்கவேண்டும். மூலையிலுள்ள லிஃப்ட் கூண்டைச் சுற்றி மட்டும் சுவரெழுப்பிய கட்டிடம் அதிர்வில் அதை மையமாக வைத்து முறுக்கிக்கொள்ளும்.

இனி உரிமைகள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 19-ஆம் பிரிவில், அனுமதிபெற்ற வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் பெறும் உரிமையை வாங்குவோர்க்கு அளிக்கிறது. அதன் துணைகொண்டு, பொறியாளர் கையொப்பமிட்ட ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் எழுத்து மூலமாகவே கேட்கவேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் காப்பியும் புன்னகையும் கிடைக்கும். 14-ஆம் பிரிவு, மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கட்டிடத்தின் அமைப்பை மாற்றலாகாது என்கிறது. வாகனம் திரும்ப இடைஞ்சலென்று கட்டும்போது ஒரு சுவரை அகற்றிவிட எண்ணுவோர்க்கு அதுவே தடை. சாவி ஒப்படைத்த நாள்முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அமைப்புக் குறைபாட்டைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் நஷ்டஈடு உண்டு. தமிழ்நாட்டில் இதற்கென ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

ஆனால் சட்டத்திலுள்ள ஓர் ஓட்டையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. 500 சதுர மீட்டருக்கு, ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு, மேற்படாத மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ எழும் கட்டிடங்களுக்கு ஆணையத்தில் பதிவு அவசியமில்லை. ஸ்டில்ட் மீது நிற்கும் நான்கு வீட்டுக் கட்டிடங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே! அவற்றில் குடியிருப்போர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்; அங்கே வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம்.

நம்மவர் தாமே வருவித்துக்கொள்ளும் அபாயமும் ஒன்றுண்டு. அலுமினிய அச்சு வைத்து, முழுச்சுவரையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் குடியிருப்புகள் இப்போது பெருகிவருகின்றன. அங்கே செங்கல் சுவரென்று நினைத்து ஏ.சி.க்குத் துளையிடுவதும், கூடத்தை விசாலமாக்க அறைச்சுவரை இடிப்பதும், தன் வீட்டுக்கு மட்டுமன்றி மேலும் கீழுமுள்ள அத்தனை வீடுகளுக்கும் செய்யும் தீங்காகும்.

கட்டி முடிந்த பழைய ஸ்டில்ட் வீடுகளுக்கும் வழியுண்டு. தேர்ந்த கட்டமைப்புப் பொறியாளர் பரிசோதித்துச் சொல்லும் இடங்களில், புதிய அஸ்திவாரமிட்டுத் தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். எஃகுக் குறுக்குச் சட்டம் பொருத்தலாம். மெலிந்த தூண்களுக்குக் கான்கிரீட் உறையிட்டுப் பருமனாக்கலாம். செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கும் சங்கங்கள்கூட, இரண்டொரு கார்கள் நிற்குமிடம் போய்விடும் என்று அறிந்தவுடன் கூட்டத்தை ஒத்திவைத்துவிடுகின்றன. எவருடைய இடம் போவது என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளலாம்.