மேட்டை நோக்கி ஏறும் பட்டை: பழைய ரம்பம் சொல்லும் பாடம்

ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் மரத்தளவாடங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குச் செய்யப்படும் நாற்காலிகளும் கட்டில்களும் பல நாடுகளுக்குக் கப்பல் ஏறுகின்றன. இவற்றில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. நம் தாத்தா பாட்டிகள் தோட்டப்புறத்தில் பால் வெட்டிய அதே மரம்தான். 25 முதல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு பால் குறைந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் தாக்காது என்று கண்டபின் அது தளவாட மரமாக உயர்ந்தது.

இந்த மரத்தை வளைவாக அறுக்க உதவும் இயந்திரம் பட்டை ரம்பம். 'பேண்ட் சா' என்றால் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு பழைய இயந்திரம் உங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடவிட்டால் ரம்பப் பட்டை பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தை விட்டு நழுவுகிறது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அறிவியல் சொல்லும்.

பட்டை ஏன் நழுவுவதில்லை?

பட்டை ரம்பத்தில் மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள் உண்டு. பற்கள் கொண்ட மெல்லிய எஃகுப் பட்டை அவற்றைச் சுற்றி ஓடும். பட்டையின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டவைப்பதுதான் முன்பு பெரிய சிக்கலாக இருந்தது. 1846இல் பிரான்ஸ் நாட்டின் ஆன் பாலின் கிரெப்பின் என்ற பெண்மணி அதற்கொரு முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். அதன் பிறகே இந்த இயந்திரம் பயனுக்கு வந்தது.

சக்கரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் அதன் மேல் ரப்பர் உறை இருக்கும். பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் அந்த உறை தட்டையாக இராது. நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரங்களிலும் தாழ்வாகவும் இருக்கும். மேட்டில் வைத்த பட்டை சரிந்து கீழேதானே விழ வேண்டும்? இல்லை, மேட்டை நோக்கித்தான் ஏறும்!

காரணம் இதுதான். சரிவில் கிடக்கும் பட்டை, அந்தச் சரிவோடு படிய முயன்று சற்றே வளைகிறது. அதனால் அடுத்து வந்து சேரும் பகுதி, சக்கரத்தின் விட்டம் கூடுதலாக உள்ள பக்கத்தில் தொடுகிறது. சக்கரம் சுற்றச் சுற்றப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, உச்சிக்கு வந்ததும் நிலைத்துவிடுகிறது.

பல ஆண்டு உழைத்த ரப்பர் உறையின் நடுமேடு தேய்ந்து பள்ளமாகிவிடும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ரப்பர் இறுகி வெடிப்பதும் உண்டு. மேடு போனால் பட்டைக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. பழைய உறையை உரித்து, சக்கரத்தைத் துடைத்து, புதிய உறை மாட்டினால் பாதி நோய் தீர்ந்தது. யூரித்தேன் உறை சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். அப்போது இழுத்து மாட்டலாம்.

சுருள்வில்லும் சோர்வும்

அடுத்துப் பார்க்க வேண்டியது மேல் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் சுருள்வில். அதுவே பட்டைக்கு இழுவிசை தருகிறது. இயற்பியல் பாடத்தில் படிக்கும் ஹூக் விதி இங்கே வேலை செய்கிறது: வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு விசை. அறுக்கும்போது பட்டை சூடாகி நீளும். அந்தத் தளர்ச்சியை வில் ஈடுகட்டும். பழைய வில் தளர்ந்து முழுவதும் அமுங்கிவிட்டால் அந்த வேலை நடக்காது. பட்டை தொய்ந்து, அறுப்பு கோணலாகும். வலுவான புதிய வில் மாட்டுவது செலவு குறைந்த நல்ல மேம்பாடு.

இனி ஒரு கணக்கு. சக்கரத்தின் விட்டம் 35.6 செ.மீ.; நிமிடத்துக்கு 800 சுற்று என்று கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 1.12 மீட்டர். ஆக, பட்டையின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 890 மீட்டர். பட்டையின் நீளம் 2.375 மீட்டர் என்றால், அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 375 முறை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 45,000 முறை! கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே 'உலோகச் சோர்வு'தான் பட்டையையும் அறுக்கிறது. தடித்த பட்டையைச் சிறிய சக்கரத்தில் மாட்டினால் வளைவின் அழுத்தம் கூடி, விரைவில் ஒடியும். வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்தி வைப்பது பட்டைக்கும் ரப்பர் உறைக்கும் நல்லது.

வழிகாட்டிகளும் பற்களும்

மேசைக்கு மேலும் கீழும் பட்டையின் இரு பக்கமும் வழிகாட்டிக் கட்டைகள் இருக்கும். தேய்ந்த கட்டைகளை மாற்றி, பட்டைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். கட்டைகள் பற்களைத் தொடக்கூடாது. பின்புறம் உள்ள பேரிங், மரத்தைத் தள்ளும்போது மட்டுமே பட்டையைத் தாங்க வேண்டும்.

பற்கள் இடமும் வலமுமாகச் சற்று விலகி நிற்பதைக் கவனியுங்கள். அதனால்தான் வெட்டும் தடம் பட்டையைவிட அகலமாகிறது. பட்டை சிக்காமல் திரும்புகிறது. ஒரு பக்கப் பற்கள் மட்டும் மழுங்கினால் அறுப்பு மறுபக்கம் இழுக்கும். மரத்துக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும். மெல்லிய பலகைக்கு நெருக்கமான பற்களும், தடித்த கட்டைக்கு அகன்ற பற்களும் ஏற்றவை.

விரல்கள் முக்கியம்

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்குங்கள். மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். பெரியவர் துணையின்றி இயந்திரத்தை ஓட்டாதீர்கள். மேல் காப்புறையை மரத்துக்கு மேல் சிறிதளவே விட்டு இறக்குங்கள். சுழலும் பட்டை அருகே கையுறை வேண்டாம். அது சிக்கினால் கையையும் இழுத்துவிடும். சிறு துண்டுகளை விரலால் அல்ல, தள்ளுகுச்சியால் தள்ளுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே, தூசு உறிஞ்சியைப் பொருத்துவது ஆடம்பரம் அல்ல. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் அவசியம்.

நீங்களே செய்து பாருங்கள்

ரம்பம் இல்லாமலே இந்த விந்தையைக் காணலாம். ஒரு பென்சிலின் நடுவில் ஒட்டுநாடாவை முதலில் அகலமாகவும், பிறகு குறுகலாகவும் சுற்றி ஒரு மேடு செய்யுங்கள். இன்னொரு பென்சிலை இணையாகப் பிடித்து, இரண்டையும் சுற்றி ஒரு தாள் பட்டையை மாட்டி விறைப்பாக இழுங்கள். பட்டையை வேண்டுமென்றே ஓரமாக வைத்து, மேடுள்ள பென்சிலை மெதுவாக உருட்டுங்கள். தாள் எந்தப் பக்கம் நகர்கிறது? விடையை உங்கள் ஆர்.பி.டி. வகுப்பில் ஆசிரியரிடம் செய்துகாட்டுங்கள். வீட்டில் ஓர் இயந்திரம் பழுதானால், தூக்கி எறியும் முன் 'இது எப்படி வேலை செய்தது?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.