தாத்தாவின் போலீஸ் வில்லையை பேரீச்சம்பழத்துக்கு போடலாமா?

புதூர்: பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்து பழைய தகரப்பெட்டி இறங்கும். உள்ளே பச்சை பிடித்த பித்தளை துண்டு ஒண்ணு கிடக்கும். தாத்தா போலீசில் இருந்தபோது மாட்டிய வில்லை. இல்லை என்றால் பெல்ட் பக்கிள். எடைக்கு போட்டால் பெரிசா ஒண்ணும் தேறாது. ஆனால் அதை படிக்க தெரிந்தால் ஒரு குடும்பத்தின் கதையே இருக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் எல்லாம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்பது மில், பட்டாளம், போலீஸ் என்று போனவர்களுக்குத்தான். பல வீடுகளில் முதல் மாதச்சம்பளம் அந்த வில்லையோடுதான் வந்தது. ஊரும் அவரை பேர் சொல்லி கூப்பிடாது, 'ஏட்டய்யா' என்றுதான் கூப்பிடும்.

எந்த காலத்து வில்லை?

முதலில் போலீஸ் வில்லைதானா என்று பாருங்க. அரசாங்க ஆபீஸ் டவாலிகளும் பித்தளை வில்லை போட்டார்கள். அவர்களுக்கு வில்லை சேவகர் என்றே பெயர்.

கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலத்து அச்சு. 1950 ஜனவரி 26ல் நாடு குடியரசு ஆனது. அதன் பிறகு கிரீடம் போய் அசோகர் சிங்கம் வந்தது.

'மெட்ராஸ்' என்று இருந்தால், மாநிலத்துக்கு தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் மெட்ராஸ் சிட்டி போலீஸ் என்றிருந்தால் ஏமாறாதீங்க. நகரத்தின் பெயர் சென்னை ஆனது 1996ல்தான்.

நம்ம பகுதி 1986 அக்டோபர் 20 வரை நெல்லை மாவட்டம். அதனால் தாத்தா புதூர் ஸ்டேஷனில் இருந்தாலும் அவர் நெல்லை மாவட்ட போலீஸ்தான்.

கையில் இரண்டு பட்டை என்றால் கிரேடு-1 காவலர். மூன்று பட்டை என்றால் ஏட்டு. தோளில் இரண்டு ஸ்டார் எஸ்.ஐ., மூன்று ஸ்டார் இன்ஸ்பெக்டர். இரண்டு பேருக்கும் கீழே சிவப்பு-நீல நாடா இருக்கும். நாடா இல்லாமல் மூன்று ஸ்டார் என்றால் டி.எஸ்.பி.

புளி போட்டு தேய்க்காதீங்க

பளபளப்பு வரட்டும் என்று புளி, சாம்பல் போட்டு தேய்த்தால் எழுத்தும் நம்பரும் தேய்ந்து போகும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

காவலர் நம்பர் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. நம்பரை மட்டும் வைத்து ஆளை கண்டுபிடிக்க முடியாது. அதனால் யாருடையது, எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று வீட்டு பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி கூடவே வையுங்க. அவர்கள் காலம் முடிந்தால் அது வெறும் பித்தளை.

மாட்டிக்கொண்டு கிளம்பாதீங்க

ஞாபகத்துக்கு வைத்திருப்பது வேறு, போட்டுக்கொண்டு போலீஸ் மாதிரி காட்டுவது வேறு. மற்றவர்களை நம்ப வைக்கும் எண்ணத்தோடு அரசு ஊழியரின் உடை, அடையாளம் அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 205வது பிரிவில் 3 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். போலீஸ் என்று சொல்லி மிரட்டினால் தண்டனை இன்னும் கூடும். முன்பின் தெரியாதவர் விலைக்கு கேட்டால் கொடுக்கும் முன் யோசியுங்க.

சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டிடம் 2021 செப்டம்பர் 28ல் போலீஸ் மியூசியமாக திறக்கப்பட்டது. பழைய சீருடைகளையும் ஆயுதங்களையும் அங்கே பார்க்கலாம். சென்னை போனால் பிள்ளைகளை கூட்டிப்போய் காட்டுங்க.

ஆனால் புதூர் ஏட்டய்யாவின் கதை அங்கே இருக்காது. அது உங்க வீட்டு தகரப்பெட்டியில்தான் இருக்கிறது.