இலவச டிஷ்ஷில் தமிழ் எங்கே?

தொலைக்காட்சிக்காக ஒரு குடும்பம் மாதந்தோறும் செலுத்தும் தொகை சிறியதாகத் தோன்றினாலும், வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கைப்பேசி ரீசார்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து ஆண்டு முழுவதும் தொடர்வதால், குறைந்த ஊதியத்தில் வாழ்வோருக்கு அது கணக்குப் பார்த்தே தீர வேண்டிய செலவாக இருக்கிறது. அதைக் குறைக்க இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒருமுறை டிஷ் ஆன்டெனாவைப் பொருத்திவிட்டு, அதன் பிறகு மாதக் கட்டணம் ஏதுமின்றிச் சேனல்களைப் பெறுவது முதல் வழி, ஓ.டி.டி. எனப்படும் இணையவழித் தளங்களுக்கு மாறிக் கேபிள் இணைப்பையே துண்டித்துவிடுவது இரண்டாவது வழி. இவற்றுள் எது மலிவு என்பதை விலைப்பட்டியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்ப்பவர் எந்த மொழியில் பார்க்கிறார், எந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறார் என்பவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

இந்த உண்மை வெளிப்படையாகத் தெரியும் இடங்களுள் இருங்காட்டுக்கோட்டை ஒன்று. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக அமைந்துள்ள இவ்வூரின் சிப்காட் வளாகத்தில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என ஆலைகள் பரவ, இப்பகுதி முழுவதும் ஒரே தொழிற்பட்டையாக மாறியது. தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரிக்கும் சாம்சங் ஆலையும், ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையும் இப்பட்டைக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே, உலகம் பார்க்கும் திரைகளை உருவாக்கும் கைகள், தங்கள் அறைக்குத் திரும்பியபின் எந்தத் திரையை, என்ன செலவில் பார்க்கின்றன என்பது இங்கு இயல்பாகவே எழும் கேள்வி.

கூரை ஆன்டெனாவிலிருந்து கேபிளுக்கு

கட்டணமில்லாத் தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1975இல் சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோது, நிகழ்ச்சிகள் தரைவழி ஒளிபரப்பாக, அதாவது உயரமான கோபுரத்திலிருந்து காற்றில் அனுப்பப்படும் அலைகளாக வந்தன. மீன்முள்ளைப் போல் குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆன்டெனாவைக் கூரையில் நட்டவர்கள் அவற்றைச் செலவின்றிப் பெற்றனர். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தென்மாவட்டக் கடலோர ஊர்களில் ஆன்டெனாவை இன்னும் உயர்த்தி, பூஸ்டர் எனப்படும் அலைபெருக்கியையும் இணைத்து, கடல் கடந்து வந்த நிகழ்ச்சிகளையும் மக்கள் பார்த்தனர்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியதும் இந்த நிலை மாறத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழி வந்த சேனல்களைப் பெரிய டிஷ்ஷில் பிடித்து, கம்பி வழியே தெருத்தெருவாக வீடுகளுக்குக் கொடுத்த கேபிள்காரர்கள், சில ஆண்டுகளிலேயே கூரை ஆன்டெனாக்களைத் தேவையற்றவையாக்கினர். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டபோது, ஏழை வீடுகளுக்குள்ளும் தொலைக்காட்சி நுழைந்தது. அதன் பின்னாலேயே கேபிள் கட்டணமும் நுழைந்தது.

இக்கட்டணத்தைக் கட்டுக்குள் கொண்டுவரும் நோக்கில், 2007இல் நிறுவப்பட்டுப் பின் முடங்கிய தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. மாதம் 70 ரூபாய்க்கு ஏறத்தாழ 90 சேனல்கள் என்பது அதன் அறிவிப்பு. நாட்டின் பல பகுதிகளில் கேபிள் கட்டணம் இதைவிட மிக அதிகமாக இருந்த காலத்தில், இந்த மலிவு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. ஆனால் அதே மலிவு எதிர்பாராத இன்னொரு விளைவுக்கும் வழிவகுத்தது.

இதற்கிடையே, பழைய தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாகக் கைவிட்டது; 2022க்குள், பாதுகாப்புக் காரணங்களுக்காக வைத்துக்கொள்ளப்பட்ட சில இடங்கள் நீங்கலாக, நாடெங்கும் இருந்த அனலாக் கோபுரங்கள் ஒளிபரப்பை நிறுத்தின. பிரிட்டனில் 2002இல் தொடங்கிய ஃப்ரீவியூ போன்ற ஏற்பாடுகள் கூரை ஆன்டெனா வழியாகவே பல டிஜிட்டல் சேனல்களை இலவசமாகத் தருகின்றன. இந்தியாவிலும் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பட்டது; ஆயினும் அது வீடுகளில் வேரூன்றவில்லை. எனவே, மேலைநாடுகளில் 'ஆன்டெனாவுக்குத் திரும்புதல்' என்று சொல்லப்படுவது இங்கு நடைமுறையில் டிஷ்ஷுக்கு மாறுதலையே குறிக்கும்.

கேபிள் கட்டணத்தின் கணக்கு

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்து, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையின்படி, கேபிள் கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, இணைப்புக்காக மட்டுமே செலுத்தப்படும் வலையமைப்புக் கட்டணம். இதன் உச்சவரம்பு 130 ரூபாயாக இருந்தது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. இரண்டாவது, பார்வையாளர் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. தொகுப்பில் இடம்பெறும் சேனலுக்கு 19 ரூபாய் வரை விலை வைக்கலாம் என்ற வரம்பின்படி, அந்த உச்ச விலையில் மூன்று சேனல்களை மட்டும் சேர்த்தாலே வரியுடன் மாதச் செலவு 220 ரூபாயைத் தாண்டிவிடும். 2024 ஜூலையில் வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பை டிராய் நீக்கிவிட்டதால், இனி அந்தத் தொகையைச் சந்தைப் போட்டியே முடிவு செய்யும். கட்டணச் சேனல் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கும், பழைய உச்சவரம்பின்படி ஆண்டுச் செலவு 1,840 ரூபாய் என்பது மாற்று வழிகளை எடைபோடுவதற்கு உதவும் அளவுகோல்.

தென்கிழக்கு வானில் ஓர் இலவசம்

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கி, இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' என்று வழங்கும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் சேவையே இந்தியாவில் மாதக் கட்டணமற்ற ஒரே டிடிஎச் சேவை. டிடிஎச் என்பது, இடையில் கேபிள்காரர் இல்லாமல் செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வரும் ஒளிபரப்பு. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைகொண்டிருக்கும் ஜிசாட்–15 செயற்கைக்கோள் இதைச் சுமந்து வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால், பக்கத்து மாடிகள் நெருங்கி நிற்கும் வாடகைக் குடியிருப்புகளிலும் மொட்டைமாடியில் சிறிது இடம் கிடைத்தால் டிஷ்ஷைப் பொருத்திவிடலாம். டிஷ்ஷின் முன் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற உறுப்பு, வந்து சேரும் மிக நுண்ணிய அலையைப் பெருக்கி, செட்டாப் பாக்ஸ் புரிந்துகொள்ளும் அலைவரிசைக்கு மாற்றி அனுப்புகிறது.

டிஷ், பாக்ஸ், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும் என்று கொண்டால், மேற்கண்ட குறைந்தபட்சக் கேபிள் செலவோடு ஒப்பிடும்போது பதின்மூன்று, பதினான்கு மாதங்களில் முதல் திரும்பிவிடுகிறது. அதற்குப் பின் செலவு மின்சாரத்துக்கு மட்டுமே. பாக்ஸ் வாங்குவோர் அது எம்பெக்–4 வகையா என்று கேட்டு வாங்குவது நல்லது. பழைய எம்பெக்–2 வகைப் பாக்ஸில் எல்லாச் சேனல்களும் தெரிவதில்லை. பலத்த மழையில் படம் உறைவது இந்த அலைவரிசையின் இயல்பான குறை. ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நேர்ந்ததுபோல் தரையில் உள்ள கம்பிகளும் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தாலும், மழை ஓய்ந்து மின்சாரம் திரும்பிவிட்டால் டிஷ் வேறு எவரையும் எதிர்பார்க்காமல் இயங்கும்.

விளையாட்டு ரசிகர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாட்டுக்கு முக்கியமானவை என அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலையைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது; அந்த நேரலையைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் டிடிஎச் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள் வழியே தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. எனவே, கேபிள் வீட்டின் தூர்தர்ஷனில் தெரியாத கிரிக்கெட் ஆட்டம் ஃப்ரீ டிஷ் வீட்டின் தூர்தர்ஷனில் தெரிகிறது.

ஒரே டிஷ், இரு வேறு மதிப்புகள்

இவ்வளவு நன்மைகள் இருந்தும், நாடெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படும் ஃப்ரீ டிஷ் தமிழ்நாட்டில் பரவலாகவில்லை. இதற்கான காரணம் மொழியில் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம்பிடிக்கின்றன. அந்தச் செலவை அவை விளம்பர வருவாயிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்பதால், பல மாநிலங்களில் பார்வையாளர்களைக் கொண்ட இந்திச் சேனல்களும், போஜ்புரி, மராத்தி போன்ற மொழிச் சேனல்களும் முன்வருகின்றன. தமிழ்நாட்டிலோ அரசு கேபிளும் தனியார் கேபிளும் குறைந்த விலையில் எல்லா வீடுகளையும் எட்டிவிட்டதால், ஃப்ரீ டிஷ்ஷை வாங்கியோர் குறைவு. வாங்கியோர் குறைவென்பதால் தமிழ்ச் சேனல்களுக்கு அங்கு வருவாய் இல்லை. தமிழ்ச் சேனல்கள் போதிய அளவில் இல்லாததால் மேலும் எவரும் வாங்குவதில்லை. கேபிளின் மலிவு இலவசத்தின் வாசலை அடைத்துவிட்டது என்பதே 2011க்குப் பிந்தைய வரலாறு உணர்த்தும் பாடம்.

2024 ஜூலைத் திருத்தத்தில், ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாகக் கிடைக்கும் சேனல் கேபிளிலும் இலவசச் சேனலாகவே இருக்க வேண்டும் என்று டிராய் விதித்தது. நியாயமான இந்த விதி, கேபிள் சந்தாவில் பெரும் வருவாய் ஈட்டும் முன்னணித் தமிழ்ச் சேனல்கள் இலவச டிஷ்ஷின் பக்கம் வருவதற்கான தயக்கத்தை மேலும் கூட்டுகிறது.

ஆகவே, இருங்காட்டுக்கோட்டையின் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு அறைகளில் ஒரே டிஷ் இரு வேறு மதிப்புகளைப் பெறுகிறது. பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து ஒப்பந்த வேலை செய்யும் தொழிலாளர்கள் கூட்டாகத் தங்கும் அறையில், அது செய்தி, திரைப்படம், தொடர் என அனைத்தையும் தாய்மொழியில் தரும் முழுமையான தொலைக்காட்சி. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கோ, 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழையும் கல்விச் சேனல்களையும் தாண்டி அதில் பார்க்கக் கிடைப்பது சொற்பம்.

இணையத்தின் கணக்கு

மூன்று ஷிப்டுகளாக இயங்கும் ஆலைகளின் பணியாளர்களுக்கு, மாலை நேரத்தை மையமாக வைத்து அமைந்த தொலைக்காட்சி அட்டவணை பொருந்துவதில்லை. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்குபவர், தமக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்க ஓ.டி.டி. தளமே உதவுகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலை சரிந்ததால் இது எளியோருக்கும் சாத்தியமாயிற்று. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய பணியாளர் விடுதி போன்ற இடங்களில் ஒவ்வொருவரின் கைப்பேசியும் அவரவருக்குரிய தொலைக்காட்சியாகிவிடுகிறது.

ஆயினும் இணையம் இலவசமன்று. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரணத் தரப் படம் மணிக்கு 450 எம்.பி. டேட்டாவையும், 3 மெகாபிட் வேகத்தில் வரும் ஹெச்.டி. படம் மணிக்கு 1.35 ஜி.பி. டேட்டாவையும் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜில், கைப்பேசியின் சிறு திரையில் தனியொருவர் மூன்று மணி நேரம் பார்க்கலாம். ஆனால் ஒரு குடும்பம் பெரிய திரையில் ஹெச்.டி. தரத்தில் தினமும் நான்கு மணி நேரம் பார்த்தால் மாதம் 162 ஜி.பி. தேவைப்படும், அதற்கு ஃபைபர் வைஃபை இணைப்பு இன்றியமையாதது. பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ அந்த இணைப்பு ஏற்கெனவே உள்ள வீட்டில், கேபிளைத் துண்டிப்பது உண்மையான சேமிப்பு. தொலைக்காட்சிக்காக மட்டுமே புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கி, அதன் மேல் இரண்டு மூன்று தளங்களுக்குச் சந்தாவும் கட்டும் வீட்டில், கேபிளைவிடச் செலவு கூடவே செய்யும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளம், நேரலைச் சேனல்கள் உட்படப் பலவற்றைத் தருவதும், அதே ஆண்டு பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் முதற்கட்டமாக அறிமுகப்படுத்திய ஐ.எஃப்.டிவி சேவை, ஃபைபர் வாடிக்கையாளருக்கு டேட்டா அளவில் கைவைக்காமல் நேரலைச் சேனல்களைக் கொடுப்பதும் இந்தச் சுமையைக் குறைக்கும் ஏற்பாடுகள்.

செய்ய வேண்டியது

தனித்து அறையெடுத்து, ஷிப்டு வேலையில் இருப்போருக்கு ஏற்கெனவே கட்டும் கைப்பேசி ரீசார்ஜே போதும். இந்தி பேசும் தொழிலாளர்களின் கூட்டு அறைக்கு ஃப்ரீ டிஷ் மிகச் சிக்கனமானது. வைஃபை உள்ள தமிழ்க் குடும்பம் கேபிளை விட்டுவிடலாம். ஆனால், வைஃபை இல்லாத, மூத்தோரும் குழந்தைகளும் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் எளிய தமிழ்க் குடும்பத்துக்கு, கேபிளைத் தவிர வேறு நல்ல வழி இன்றில்லை. மாற்று வழி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த வீட்டுக்கே அது கிடைக்கவில்லை என்பது சரிசெய்யப்பட வேண்டிய அநீதி.

அதைச் சரிசெய்வது இயலாத காரியமன்று. ஃப்ரீ டிஷ் பொதுப் பணத்தில் இயங்கும் சேவை என்பதால், அதிக விலை கேட்போருக்கே இடம் என்ற ஏல முறையைத் தாண்டி, ஒவ்வொரு பெரிய மொழிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை ஒதுக்கி, தொடக்க ஆண்டுகளில் அவற்றுக்குக் குறைந்த கட்டணம் மட்டுமே பெறுவது பிரசார் பாரதியின் கடமை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைப் போன்ற சொந்த உள்ளடக்கம் கொண்ட மாநில அரசும் அந்த இடங்களைக் கேட்டுப் பெற வேண்டும். தெருவின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்த கேபிள்காரர்கள் ஃபைபர் இணைப்பும் டிஷ் பராமரிப்பும் தருவோராக மாற வழிசெய்தால், அவர்களின் பிழைப்பும் காக்கப்படும். கூரையில் ஆன்டெனா நட்ட தலைமுறைக்குக் காற்றில் இலவசமாக வந்த தமிழ், ஆலைகளில் உழைக்கும் இன்றைய தலைமுறையின் மொட்டைமாடி டிஷ்ஷிலும் அதேபோல் வந்து சேர வேண்டும்.