நாலு பக்கமும் அடிக்கும் கடிகாரங்கள்: 1973 ஆல்பத்தை அட்மாஸில் கேட்டால்...

பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு ‘தலைக்கு மேலே சத்தம்’ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் மொட்டை மாடியைக் கடக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டாலும் அது எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று காது சொல்லிவிடும். ‘டால்பி அட்மாஸ்’ இசையில் செய்வதும் இதுதான். ஸ்டீரியோவில் எல்லா ஒலியும் இடது, வலது என இரண்டு ஸ்பீக்கருக்குப் பங்கு போகும். அட்மாஸில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு முகவரி எழுதலாம்: இந்த மூலை, இத்தனை உயரம் என்று.

இந்த முறையில் பழைய ராக் ஆல்பங்கள் வரிசையாக மறுவெளியீடு காண்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. 1973 மார்ச்சில் வந்த ஆல்பம். 1988 வரையில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இடம்பிடித்தது. 50 ஆண்டு நிறைவுக்காக 2023-ல் அட்மாஸ் வடிவம் வந்தது; மிக்ஸிங் செய்தவர் ஜேம்ஸ் கத்ரி.

‘பழைய பாட்டுக்குப் புதுச் சட்டை போட்டு மறுபடியும் காசு பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம் நியாயமானது. பல மறுவெளியீடுகள் அப்படித்தான். ஆனால், இந்த ஆல்பத்தின் கதை வேறு.

பிங்க் ஃப்ளாய்டுக்கு ஆரம்பம் முதலே ஒலியை அறை முழுக்கச் சுற்றவிடும் ஆசை. 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹால் கச்சேரியில், ஒரு பெட்டியில் இருந்த கைப்பிடியைத் திருப்பி, ஒலியை அரங்கைச் சுற்றி ஓடவிட்டார்கள். கச்சேரி முடிந்ததும் அந்தப் பெட்டியை யாரோ திருடிப் போய்விட்டார்கள் என்பது தனிக்கதை!

‘டைம்’ பாடலின் தொடக்கத்தில் வரும் கடிகாரங்களும் அப்படிப் பிறந்தவையே. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஸ்பீக்கர் ஒலியைச் செய்து காட்டுவதற்காக, பழம்பொருள் கடை ஒன்றில் கடிகாரங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அதுவே பாடலுக்குள் நுழைந்தது. நாலு பக்கமும் ஒலிக்கப் பிறந்த கடிகாரங்கள் ஐம்பது வருடமாகப் பெரும்பாலானோர் வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைபட்டுக் கிடந்தன. அட்மாஸ் அவற்றைத் திறந்துவிட்டிருக்கிறது.

‘ஆன் த ரன்’ இன்னொரு உதாரணம். விமான நிலைய அறிவிப்பு, ஓடும் காலடிகள், கடைசியில் ஒரு விபத்துச் சத்தம். பாட்டே கிடையாது. இதெல்லாம் சுற்றி ஒலிக்கும்போதுதான் அர்த்தமாகிறது. மாறாக, சாதாரணமாக நின்று பாடும் ‘பிரெய்ன் டேமேஜ்’ போன்ற பாடலுக்கு அட்மாஸால் பெரிய லாபமில்லை.

‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாடலில் வார்த்தையே இல்லாமல் கதறும் பெண் குரலைத் தவறவிட வேண்டாம். பாடியவர் கிளேர் டாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்து, அங்கேயே கற்பனையில் பாடிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பல வருடம் கழித்து, அந்த மெட்டில் தனக்கும் பங்குண்டு என்று 2004-ல் வழக்குப் போட்டார். மறு வருடம் சமரசமாகி, இசையமைப்பாளராக ரிச்சர்ட் ரைட்டுடன் அவர் பெயரும் சேர்ந்தது. ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் உழைத்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

சரி, எதில் கேட்பது? முழு ஆல்பமும் சுமார் 43 நிமிடம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால், இந்த ஆல்பம் தொடங்குவதே மெல்லிய இதயத் துடிப்பில். ரயில் சத்தத்தில் அது காதில் விழாது. இரவு, வீடு, ஹெட்போன் சரி. ஹெட்போனில் இருப்பதும் இரண்டே ஸ்பீக்கர்தானே? இடப்பக்கச் சத்தம் வலது காதை எட்ட வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமாகும். அந்தத் தாமதத்தையும் காது மடலில் ஒலி பட்டு மாறும் விதத்தையும் மென்பொருள் போலியாகச் செய்து, மூளையை நம்பவைக்கிறது. எல்லோர் காதும் ஒரே அச்சு இல்லை. அதனால் சிலருக்கு ஒலி தலைக்கு மேலே கேட்கும்; சிலருக்கு மண்டைக்குள்ளேயே நிற்கும். முதலில் ஸ்டீரியோவில் ஒருமுறை, பிறகு அட்மாஸில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

உண்மையான அட்மாஸ் எப்படி என்று அறிய குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் போதும். தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதும் அல்ல. 1986-ல் ‘மாவீரன்’ 70 எம்.எம்., ஆறு டிராக் ஸ்டீரியோவில் வந்தது. 2012-ல் ‘சிவாஜி’ 3டி வடிவில் அட்மாஸில் ஒலித்தது.

அப்படியானால், நம் பழைய பாடல்களும் இப்படி வருமா? இங்கேதான் சிக்கல். பிங்க் ஃப்ளாய்ட் 16 டிராக் டேப்பில் பதிவு செய்தது. கிடார் தனி, குரல் தனி. அந்த டேப்புகள் பத்திரமாக இருந்ததால்தான் கத்ரியால் ஒவ்வொன்றையும் எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிந்தது. நம் கறுப்பு-வெள்ளைக் காலப் பாடல்களோ பாடகரும் வாத்தியக் குழுவும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிவானவை. வயலினையும் டி.எம்.எஸ். குரலையும் தனியாகப் பிரிக்க டேப்பில் வழியே இல்லை.

கணினியில் வழி திறந்திருக்கிறது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தை 2022-ல் மறுவெளியீடு செய்தபோது, ஒன்றாகக் கலந்திருந்த வாத்தியங்களைக் கணினியே பிரித்துக் கொடுத்தது. எம்.எஸ்.வி. பாடலையும் அப்படிப் பிரிக்கலாம். பிரித்த வயலினை எந்த மூலையில் வைப்பது என்று கேட்கத்தான் அவர் இல்லை.